பட்டு நூலும் பூமிக் கோளமும்

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் பட்டுப் பாவினை நெடுக இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் காட்சியைக் காணலாம். விறைப்பாக இழுக்கப்பெற்ற நூல், இரு முனைகளுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வழியிலேயே கிடக்கும். அந்நூலில் ஒரு முழம் எடுத்து, பள்ளியிலுள்ள பூமிக் கோளத்தின்மேல் இழுத்துப் பிடித்தால் ஓர் உண்மை விளங்கும்.

காஞ்சியும், அரபு நாட்டின் தென்கோடியிலுள்ள ஏடன் துறைமுகமும் ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சரேகையில் அமைந்தவை. தட்டையான படத்தில் அடிகோல் வைத்து இணைத்தால் கோடு நேர்மேற்கே செல்லும். கோளத்தின்மேல் இழுத்த நூலோ நடுவழியில் சற்றே வடக்கு நோக்கி ஒதுங்கும். கோளத்தில் கண்ணுக்கு அரிதாகத் தோன்றும் அவ்விலகல், மெய்யான பூமியில் 60 கிலோமீட்டருக்கும் மேலாகும். எனினும் நூல் காட்டும் வழியே குறுகியது. அதனைப் பெருவட்டக் கோடு என்பர்.

1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் இவ்வளைவை மறக்கவில்லை. பூமிமேல் அமைந்த பெரிய முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையினும் சிறிது மிகும். அம்மிகுதியையும் அவர் கணக்கிட்டார்.

இன்று எல்லைகளைக் கணிப்பொறியில் பதிவோர் மூலைப் புள்ளிகளை மட்டுமே எண்களாக எழுதுகின்றனர். இடைப்பட்ட கோடு செல்லும் வழியை நிரலே முடிவு செய்கிறது. ஜியோஜேசன் என்னும் பதிவுமுறைக்கு 2016-இல் வகுத்த விதி, அடிகோலிட்டாற்போல இணைக்கிறது. பிக்குவரி என்னும் தரவுத்தளமோ நூலிழுத்தாற்போல இணைக்கிறது. எழுதியவர் ஒன்றைக் கருத, படிக்கும் நிரல் மற்றொன்றைக் கருதினால் வரும் கேடு சிறிதன்று.

கானடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே, உட்ஸ் ஏரி தொடங்கி மேற்குக் கடற்கரை வரை, எல்லை 49-ஆம் அட்சரேகையை ஒட்டிச் செல்கிறது. இரு முனைப் புள்ளிகளை மட்டும் கொடுத்து நூல்வகை நிரலிடம் விட்டால், எல்லை நடுவே 90 கிலோமீட்டருக்கும் மேலாக வடக்கே ஏறிவிடும். எஸ்டவான் என்னும் கானடா நகரத்தார், இருந்த இடத்தில் இருந்தபடியே, அயல்நாட்டாராகக் கணக்கில் ஏறுவர்!

காஞ்சிக்கும் வேலூருக்கும் இடையே இத்தகைய விலகல் 20 மீட்டருக்கும் குறைவே. அங்கே கவலை வேண்டுவதில்லை. நெடுங்கோட்டிற்கோ, நீண்ட பாவினை இடையிடையே கோல் நிறுத்தித் தாங்குவதுபோல, இடைப்புள்ளிகள் அமைத்தல் வேண்டும். 49-ஆம் அட்சரேகையில் பாகைக்கு ஒரு புள்ளி வைத்தால் விலகல் ஏறத்தாழ 120 மீட்டராகச் சுருங்கும். பாகைக்குப் பத்துப் புள்ளிகள் வைத்தாலோ ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகவே எஞ்சும்.