பழைய வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்கலாமா?

உழவனுக்கு நெல்லுக்கு அடுத்த செல்வம் வைக்கோலாகும். ஆட்களைக் கொண்டு அறுவடை செய்த காலத்தில் கதிரடித்த களத்திலேயே வைக்கோல் குவிந்தது. அதனை உதறிக் காயவைத்துப் போர் போடுவது ஒன்றே எஞ்சிய வேலையாக இருந்தது. அறுவடை இயந்திரம் வந்த பின்னர் அந்நிலை மாறிவிட்டது. அது நெல்லைத் தன் தொட்டியில் சேர்த்துக்கொண்டு வைக்கோலை வயலில் வரிசையாக விட்டுச் செல்கின்றது. அதனை வாரிச் சேர்க்க ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. இதனால் சில ஊர்களில் நல்ல தீவனம் வயலிலேயே மக்குகின்றது, அல்லது தீக்கிரையாகின்றது. பின்னர் கோடையில் அவ்வூராரே வெளியூர் வைக்கோலை விலைகொடுத்து வாங்க நேரிடுகின்றது.

இக்குறையைத் தீர்க்கப் பயன்படுவது, ‘பேலர்’ என்று வழங்கும் உருளைக் கட்டு இயந்திரம். புதிய இயந்திரத்தின் விலைக்கு அஞ்சிப் பழையதை வாங்க முற்படுவோர் பலர். அவ்வாறு வாங்குவது எப்போது இலாபம், எப்போது நட்டம் என்பதை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இயந்திரம் இயங்கும் முறை

வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் முறை புதியதன்று. அமெரிக்காவில் ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1947ஆம் ஆண்டிலேயே இவ்வகை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நெல் வயல்களில் இன்று பெரிதும் ஓடுவது அதன் சிறிய வகை. அது டிராக்டரின் பின்னால் இழுக்கப்பட்டு, பி.டி.ஓ. தண்டின் விசையால் இயங்குகின்றது. முன்புறத்துக் கம்பி விரல்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளிருக்கும் உருளைகள் அதனைச் சுழற்றிச் சுருட்டும். அறை நிறைந்ததும் கயிறு சுற்றப்பட்டு அறுக்கப்படும். பின்கதவு திறக்க, கட்டு வெளியே விழும். கட்டு ஏறத்தாழ 2 அடி விட்டமும் 3 அடி நீளமும் உடையது. எடை 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். சதுரக் கட்டு இயந்திரத்தில் உள்ள முடிச்சிடும் உறுப்பு இதில் இல்லை. ஆதலால் பழுது பார்ப்பது ஓரளவு எளிது.

முதலில் நாட்களைக் கணக்கிடுக

விலை பேசுமுன், ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதைக் கணக்கிடுதல் வேண்டும். ஈர வைக்கோலைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், மாடு தின்னாது. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை முடியுமுன்பே பல ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகின்றது. தை, மாசியில் நிகழும் சம்பா அறுவடையே தக்க காலம். அப்போதும் அறுவடைக்கு முன்பே உளுந்து, பயறு தெளித்த வயல்களில் டிராக்டரை இறக்கினால் முளைப்பயிர் நசுங்கும். அவ்வயல்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுக.

ஓர் எடுத்துக்காட்டு

கீழ்வரும் தொகைகள் கணக்கின் முறையை விளக்குவதற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை. தத்தம் ஊர் விலைகளை இட்டு இதேபோல் கணக்கிடலாம்.

பழைய இயந்திரத்தின் விலை 2,00,000 ரூபாய். 5 ஆண்டு உழைத்தபின் 50,000 ரூபாய்க்கு விற்கலாம் எனக் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 30,000 ரூபாய். வட்டி 20,000 ரூபாய். பழுதுச் செலவு 30,000 ரூபாய். ஆண்டின் நிலைச் செலவு ஆக மொத்தம் 80,000 ரூபாய்.

ஒரு கட்டுக்கு வாடகை 38 ரூபாய் எனவும், கயிறு, டீசல், டிராக்டர் தேய்மானம், ஆள் கூலி ஆகியவற்றுக்கு 18 ரூபாய் எனவும் கொண்டால், மிஞ்சுவது 20 ரூபாய். நிலைச் செலவை ஈடுகட்டவே 4,000 கட்டுகள் கட்டியாக வேண்டும். ஏக்கருக்கு 30 கட்டு எனில் 133 ஏக்கருக்குமேல் தேவை. நாளொன்றுக்கு 200 கட்டு எனில் 20 நாள் வேலை தேவை. 21ஆம் நாளில்தான் இலாபம் தொடங்கும்.

இயந்திரம் நைந்து, பழுதுச் செலவு 30,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயருமாயின், தேவை 6,000 கட்டுகளாக, அதாவது 200 ஏக்கராகப் பெருகும். அன்றியும், பருவத்தின் நடுவே 5 நாள் நின்றுவிட்டால் 1,000 கட்டுகளின் வருவாய் போகும். காத்திருந்த உழவர் வேறு இயந்திரத்தை நாடிச் செல்வர். ஆதலின் பழைய இயந்திரத்தின் உண்மை விலை, விற்பவர் கூறும் தொகையன்று. அது நின்றுபோகும் நாட்களையும் சேர்த்த தொகையாகும்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டங்களின் மானியம் புதிய இயந்திரங்களுக்கே உரியது. எனவே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் போக எஞ்சும் புதிய விலையை முதலில் கேட்டறிதல் நன்று. பழையதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் மிகச் சிறிதாக இருக்கும். விற்பவர் மானியத்தில் வாங்கியவராயின், விற்பதற்கு அவருக்கு அனுமதி உண்டா என்பதையும் அங்கேயே தெளிந்துகொள்க.

பார்த்து வாங்கும் முறை

புதிய வண்ணப்பூச்சைக் கண்டு மயங்கலாகாது; வெடிப்பையும் வெல்டிங்கையும் அது மறைத்திருக்கக் கூடும். இயந்திரம் நிற்கும்போது பின்வருவனவற்றை ஆராய்க.

1. உருளைகளின் ஓரங்களில் வெடிப்பு உண்டா? தண்டு வளைந்துள்ளதா?

2. பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்து தேய்ந்துள்ளனவா? செயின் தளர்ந்து பல்லைவிட்டு எழும்புகின்றதா?

3. கியர் பெட்டியிலும் பின்கதவு உருளிகளிலும் எண்ணெய்க் கசிவு உண்டா?

4. கம்பி விரல்களில் உடைந்தவை எத்தனை? கயிறு ஓடும் வளையம் அறுந்து பள்ளமாகியுள்ளதா? கத்தி கூர்மையாக உள்ளதா?

5. டிராக்டருடன் பூட்டும் துளை நீண்டு தேய்ந்துள்ளதா?

6. பி.டி.ஓ. தண்டின் மேலுறையும் செயின் மூடிகளும் உள்ளனவா?

அடுத்து, வயலில் ஓட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. கொட்டகையில் வெறுமனே சுழற்றிக் காட்டுவது சோதனையாகாது. நெல் வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா மிகுதி. அத்துடன் சேறும் சேர்வதால் உறுப்புகள் விரைவில் தேயும். ஆகவே நம் வைக்கோலில், நம் டிராக்டரில் பூட்டிக் குறைந்தது 20 கட்டுகளாவது கட்டச் செய்க. கட்டு இறுகியுள்ளதா, கயிறு ஒவ்வொரு முறையும் பிடிக்கின்றதா என நோக்குக. பின்னர் எஞ்சினை நிறுத்தி, பேரிங்குகளின் அருகே புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கவும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அது கெட்டுவரும் பேரிங்கு. உலர்ந்த வைக்கோலின் நடுவே அதுவே தீக்குக் காரணமாகும்.

இறுதியாக, உதிரி உறுப்புகள் ஒரே நாளில் சென்று வாங்கிவரும் தொலைவில் கிடைக்கின்றனவா என விசாரிக்க. உறுப்பு கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

உயிர் முதன்மை

ஓடும் இயந்திரத்தில் சிக்கிய வைக்கோலைக் கையால் இழுத்தல் பெருந்தீங்கு. கை பின்வாங்குமுன் விரல்கள் வைக்கோலோடு அதனையும் உள்ளே இழுத்துவிடும். பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பின்னரே அருகில் செல்லுதல் வேண்டும். மூடிகள் இல்லாத இயந்திரத்தை வாங்குவோர், அவற்றை மாட்டிய பின்பே வயலில் இறக்குதல் கடமை.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் இயந்திர அறுவடை நடக்கும் ஏக்கர் எவ்வளவு? அதில் உளுந்து, பயறு தெளித்தது எவ்வளவு?

2. அண்டை ஊர்களில் முன்னமே எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன?

3. குழுவாக வாங்கினால் முதலில் யார் வயல், பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வைத்துள்ளோமா?

4. வாடகைக்கு அமர்த்துவதே நமக்குப் போதுமா?

நான்காம் வினாவுக்கு ‘ஆம்’ என்பது விடையானால் அதில் குறைவொன்றுமில்லை. 20 ஏக்கர் வைக்கோலுக்காக இயந்திரம் வாங்குவதைவிட, உரிய நாளில் வாடகை இயந்திரத்தை வரவழைத்துத் தீவனத்தைக் காப்பதே அறிவுடைமை. கணக்கு 200 ஏக்கரைக் காட்டுமாயின், நன்கு சோதித்த பழைய இயந்திரம் ஊருக்கு உற்ற துணையாகும். எவ்வழியாயினும், வயலில் கிடக்கும் வைக்கோல் கோடைக்குள் நம் மாட்டுத் தொழுவத்தை அடைதல் வேண்டும்.