கரும்புகை வீணாய்ப் போன விறகு

புதிதாகக் கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்ட, நாமே கல் அறுத்துச் சூளை வைக்கிறோம். ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பள்ளங்களில் இரவுக் குளிர் புகையை மேலே போகவிடுவதில்லை. அது லயத்துக்குள் புகுந்துவிடுகிறது. இருமுவது நம் கைக்குழந்தைகளும் முதியோரும்தான்.

கரும்புகை எழுந்தால் சூளை நன்றாகப் பிடித்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிழை. கரும்புகை என்பது முழுதாக எரியாத விறகு. சூளைவாயில் கட்டைகளை ஒரேயடியாகத் திணித்தால் உள்ளே காற்றுப் போதாது. எரியாத கரி தூளாகப் பறக்கும். பிளந்த விறகைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட்டால் புகை குறையும், விறகும் மிஞ்சும்.

ஈர மிலாறு வைத்த அடுப்பு கண்ணை எரிப்பதை அறியாதவர் யார்? சூளையிலும் அப்படித்தான். ஈரத்தை ஆவியாக்கவே சூடு செலவாகிறது. விறகு மட்டுமல்ல, பச்சைக் கல்லும் கூரையடியில் நன்றாக உலரவேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கல்லும் வெடிக்கும். மண்ணோடு சிறிது உமி கலந்தால் கல் உள்ளிருந்தும் வேகும். டயர், பொலித்தீன் போடவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

இந்திய அரசு 2022 பெப்ரவரியில் சூளைகளுக்குப் புது விதி கொண்டுவந்தது. அதில் சொல்லப்பட்ட ஒரு முறையில், சூடான காற்று கற்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும். காற்றும் எரிபொருளும் நன்கு கலப்பதால் புகை குறைகிறது. அந்தப் பெரிய சூளை நமக்குக் கட்டுப்படியாகாதுதான். ஆனால் கல் அடுக்கும்போது காற்றோட இடைவெளி விடச் செலவில்லை.

மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில், வீடுகளின் பக்கம் காற்று வீசாத இடத்தில், அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தீ மூட்டுவோம்.