சிற்பம் சொல்லும் உருவகம்: ஆதிவராஹ வடிவத்தைக் கண்டு உணரும் முறை



உற்சவ காலத்தில் திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள், மூலவர் சேவைக்காக வரிசையில் நிற்கும்போது தூண்களிலும் சுவர்களிலும் உள்ள சிற்பங்களைக் காண்கிறார்கள். "பெருமாளுக்கு ஏன் பன்றி முகம்?" என்று குழந்தை கேட்கிறது. சிலர் "அது ஓர் அவதாரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர், "எல்லாம் உருவகம்தான், நீரிலிருந்து நிலத்துக்கு உயிர்கள் வளர்ந்த வரலாற்றையே தசாவதாரம் என்று சொல்லி வைத்தார்கள்" என்று மேடையில் கேட்டதை எடுத்துரைக்கிறார்கள். முதல் விடையால் கேள்வி அடங்கிவிடுகிறது. இரண்டாவது விடையால் பெருமாளே மறைந்துவிடுகிறார். உருவகம் என்பது யாது, கல்லில் அமைந்த உருவகத்தை உணர்வது எவ்வாறு என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

சொல்லில் உருவகம்

'தாமரை போன்ற முகம்' என்றால் உவமை. 'முகத்தாமரை' என்றால் உருவகம். வடமொழி அலங்கார சாஸ்திரம் இதனை ரூபகம் என்று கூறும். முகத்தைத் தாமரை என்று சொன்னதனால் முகம் பொய்யாகிவிடுவதில்லை. முகமும் உண்டு, தாமரையும் உண்டு. இரண்டுக்கும் பேதம் தோன்றாதபடி சொல்வதே ரூபகத்தின் அழகு. ஆகவே 'வெறும் உருவகம்' என்று ஒதுக்குவது சாஸ்திரம் அறிந்தோர் கூற்றாகாது.

இத்தகைய பொருளை மனம் எப்படி அறிகிறது என்பதற்குப் பாடசாலைகளில் ஒரு பழைய உதாரணம் சொல்லுவார்கள். 'கங்கையில் இடைச்சேரி' என்கிறான் ஒருவன். ஓடும் நீரின்மேல் சேரி நிற்க முடியாது. எனவே நேர்ப்பொருள் தடைப்படுகிறது. இது முதற்படி. கங்கையோடு சம்பந்தமுள்ள கரையைக் குறித்தான் என்று கொள்கிறோம், இது இரண்டாம்படி. 'கங்கைக் கரையில்' என்று நேராகச் சொல்லாமல் இப்படிச் சொன்னது, அச்சேரியின் குளிர்ச்சியையும் தூய்மையையும் உணர்த்துவதற்காக; இது மூன்றாம்படி. தடை, சம்பந்தம், பயன் என்னும் இம்மூன்றும் கூடினாலன்றி உட்பொருள் காண்பது முறையாகாது.

கல்லில் உருவகம்

இந்த மூன்று படிகளையும் மாமல்லபுரத்துக்குக் கொண்டு செல்வோம். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் குடைவித்த வராஹ மண்டபத்தில், ஆதிவராஹப் பெருமான் பூமிப்பிராட்டியைத் தொடையில் ஏந்தி நிற்கிறார். திருவடியின்கீழ் நாகராஜன் கைகூப்பிக் கிடக்கிறான். நீரைக் காட்டத் தாமரை இலைகளும் மலர்களும் செதுக்கப்பட்டுள்ளன.

கடலில் தாமரை வளர்வதில்லை. இங்கே நேர்ப்பொருள் தடைப்படுகிறது. தாமரைக்கும் நீருக்கும் உள்ள சம்பந்தத்தால், 'இது நீர்' என்று கண்டுகொள்கிறோம். கொந்தளிக்கும் பிரளயத்தை மலர் பூக்கும் நீராகக் காட்டியது எதற்காக? எம்பெருமான் இறங்கியவுடன் பிரளயம் தணிந்தது என்பதை உணர்த்தவே என்று கொள்ளலாம்.

அவ்வாறே, நாம் நிற்கும் நிலம் ஒரு பெண்ணாகத் தொடையில் அமர்ந்திருக்கிறது. தாங்குவதும் பொறுப்பதும் பூமிக்கும் தாய்க்கும் பொதுவான குணங்கள், இது சம்பந்தம். இழந்த ஒரு பொருளைத் தேடி எடுத்ததுபோல் அன்றி, தன் பிரியநாயகியை மீட்டான் என்பது பயன்.

பன்றி வடிவம் ஏன் என்ற கேள்விக்கும் விடை இந்த வழியிலேயே கிடைக்கிறது. நீருக்கும் சேற்றுக்கும் கூசாத விலங்கு பன்றி. பிராட்டி கிடந்த இடம் சேறு என்றால், அந்தச் சேற்றுக்குத் தக்க வடிவையே எம்பெருமான் கொண்டான். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் இந்த அவதாரத்தைப் பாடுமிடத்தில், அழுக்கேறிய உடம்பையும் அதில் ஒழுகும் நீரையுமே எடுத்துப் பேசுகிறாள். ஆண்டாளைப் பூமிப்பிராட்டியின் அம்சமாகக் கொள்ளும் நம் சம்பிரதாயத்தில், மீட்கப்பட்டவளே பாடிய நன்றியாக அது விளங்குகிறது. மேன்மை எல்லாம் உடையவன் தாழ நின்று கலக்கும் சௌசீல்யம் என்னும் குணம் அந்தப் பன்றி முகத்தில்தான் காணக் கிடைக்கிறது.

ஒரே கதை, மூன்று தேசம்

விதிசைக்கு அருகிலுள்ள உதயகிரியில் குப்தர் காலத்து வராஹம் ஒன்று உண்டு. அக்குன்றின் மற்றொரு குகையில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401–402 என்ற காலக்குறிப்புள்ள கல்வெட்டு இருக்கிறது. அங்கே பெருமான் மனிதரினும் இருமடங்கு ஓங்கி நிற்க, பூமிப்பிராட்டி அவர் கோரைப் பல்லைப் பற்றித் தொங்குகிறாள்; முனிவர்கள் வரிசை வரிசையாக நின்று காண்கிறார்கள். அரசன் நாட்டைக் காத்த பெருமையும் இதில் குறிப்பாக உள்ளது என்று வரலாற்று அறிஞர் பலர் கூறுவர். கர்நாடகத்தில் வாதாபியின் மூன்றாம் குகை, சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578இல் மங்களேசனால் அமைக்கப்பட்டது. அங்கே பிராட்டி பெருமான் கையிலுள்ள தாமரைமேல் நிற்கிறாள். மாமல்லபுரத்திலோ தொடையில் அமர்ந்திருக்கிறாள்.

பல்லில் தொங்குவது ஆபத்தையும், கையில் நிற்பது பாதுகாப்பையும், தொடையில் அமர்வது உறவையும் காட்டுகின்றன. தொண்டை நாட்டு அன்பனுக்கு இந்த மூன்றாவது எளிதில் விளங்கும். திருவிடவெந்தையில் பிராட்டி இடப்புறமும், மாமல்லையில் திருவலவெந்தையில் வலப்புறமும் எழுந்தருளியிருப்பதை ஊர்ப்பெயராகவே சொல்லி வருகிற மக்கள் அல்லவா! காண்பவன் உள்ளத்தில் முன்பே கதையும் பாசுரமும் ஊர்வழக்கும் இருக்க வேண்டும். அப்போதுதான் கல் பேசும்.

உட்பொருளுக்கு எல்லை

அப்படியானால் எவரும் எப்பொருளும் கூறலாமோ? கூடாது. கல்லில் உள்ள அடையாளங்களை விளக்காத பொருள் சிற்பியின் பொருளாகாது. உயிர்களின் வளர்ச்சி என்று சொல்பவர், கைகூப்பிய நாகத்துக்கும் தொடையில் அமர்ந்த பிராட்டிக்கும் என்ன காரணம் சொல்வார்? அறிவியலை அறிவியல் நூல்களில் பயில்வது நன்று. அதற்காக வராஹத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

தத்துவப் பொருளைச் சாஸ்திரமே காட்டிய இடங்களும் உண்டு. விஷ்ணு புராணம் முதல் அம்சம் 22ஆம் அத்தியாயம், எம்பெருமானுடைய கௌஸ்துபமணியை ஜீவாத்மாவாகவும், ஸ்ரீவத்ஸத்தை மூலப்பிரகிருதியாகவும், கதையைப் புத்தியாகவும், சக்கரத்தை மனமாகவும், வனமாலையை ஐம்பூதங்களாகவும் கூறுகிறது. வாள் ஞானம், அதன் உறை அஞ்ஞானம். வேதாந்த தேசிகன் இதனை ரஹஸ்யத்ரய ஸாரத்தில் ஒரு தமிழ்ப் பாசுரமாகவும் அருளினார். திருமார்பில் மணியைச் சேவிக்கும்போது, 'என் இருப்பிடம் இதுவன்றோ' என்று எண்ணலாம். எண்ணினாலும் மணி மணியே, அது மறைவதில்லை. அதுபோல, ஆகமப்படி பிரதிஷ்டை செய்யப்பட்ட அர்ச்சாமூர்த்தி வேறொன்றுக்கு அடையாளம் அன்று. எம்பெருமானே அங்கு எழுந்தருளியிருக்கிறான். சுவர்ச் சிற்பம் படித்து உணர்வதற்கு. கருவறைத் திருமேனி சேவித்துச் சரணடைவதற்கு.

அன்பர்களுக்கு விண்ணப்பம்

இலை ஒன்று தேய்ந்தால் கடல் மறையும். கூப்பிய விரல்கள் தேய்ந்தால் நாகத்தின் பக்தி மறையும். பல கோயில்களில் மணலை வீசித் தூண்களைச் சுத்தம் செய்ததால் நுண்ணிய வேலைப்பாடுகள் அழிந்தன. தூண் சிற்பங்களில் எண்ணெய் தடவுவதும், குங்குமம் அப்புவதும், அடியில் கற்பூரம் ஏற்றுவதும் பக்தியால் செய்யப்படினும், பின்வருவோர் படிக்கவேண்டிய எழுத்தை அழிப்பதாகவே முடியும். சந்நிதியில் தீபம் ஏற்ற அதற்கென உள்ள இடம் போதும்.

குழந்தை கேட்கும்போது விரைந்து நகராமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இங்கே பொருந்தாதது எது, அதற்குச் சம்பந்தம் எது, அதனால் தெரியும் குணம் எது என்று மூன்று கேள்விகளை அதனிடமே கேளுங்கள். "சேற்றில் விழுந்தவளைத் தூக்கச் சேற்றுக்கு அஞ்சாத வடிவம் கொண்டார்" என்று அது தானே கண்டு சொல்லும். அந்தப் பூமிப்பிராட்டியின் இடத்தில் நம்மையும் வைத்துப் பார்த்தால், அந்தச் சிற்பம் நமக்காகவே செதுக்கப்பட்டது என்பது விளங்கும்.

சுபம்.