கார் ஸ்டீரியோவில் ரிவர்ஸ் கேமராவை இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் வெப்கேமராவை இணைப்பது மிக எளிது. யூஎஸ்பி பிளக்கைச் செருகினால் போதும், படம் வந்துவிடும். அந்த ஒரே கேபிளுக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. கேமராவுக்கு மின்சாரம் போகிறது. கேமராவிலிருந்து படம் வருகிறது. "நான் வந்துவிட்டேன்" என்று கேமரா கம்ப்யூட்டருக்குச் சொல்லும் செய்தியும் அதிலேயே வருகிறது.

காரில் பொருத்தும் ரிவர்ஸ் கேமராவும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் பிளக்கைச் செருகிவிட்டு, ரிவர்ஸ் கியர் போட்டும் படம் வரவில்லையே என்று குழம்புகிறார்கள். காரணம் எளிது. காரில் அந்த மூன்று வேலைகளையும் மூன்று தனித்தனி ஒயர்கள் செய்கின்றன. இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பொறுமையான கைவேலைதான்.

என் தங்கை தன் பழைய காருக்கு 7 இஞ்ச் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ வாங்கினாள். அதில் கேமரா இணைப்பு இருந்ததால் கேமராவை நான் பொருத்திக் கொடுத்தேன். அந்த வேலையின் வரிசையிலேயே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

கேமரா தேவைதானா?

காரின் பின்புறக் கண்ணாடி தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. பம்பரை ஒட்டி ஒரு குழந்தை உட்கார்ந்து விளையாடினால் அது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் 2002-ல் ஒரு தந்தை வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது அவருடைய 2 வயது மகனே அதில் சிக்கி இறந்தான். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2018 மே 1 முதல் அங்கே விற்பனைக்குத் தயாராகும் எல்லாப் புதிய கார்களிலும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிக்குள் படம் தெரிய வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். ஆனால் சென்சார் பீப் ஒலி மட்டுமே எழுப்பும். பின்னால் இருப்பது சுவரா, நாயா, குழந்தையா என்று சொல்லாது. அதற்கு முந்தைய பல கார்களில் சென்சாரும் இல்லை.

மூன்று ஒயர்கள் எவை?

1. பட ஒயர்: மஞ்சள் பிளக் உள்ள ஆர்.சி.ஏ. கேபிள். பழைய டிவிடி பிளேயரை டிவியில் இணைக்கும் அதே மஞ்சள் பிளக்தான். கேமராவிலிருந்து படத்தை ஸ்டீரியோவுக்குக் கொண்டு வருவது இது.

2. பவர் ஒயர்: கேமராவிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள். சிவப்பு 12 வோல்ட், கறுப்பு எர்த்.

3. தகவல் ஒயர்: "டிரைவர் ரிவர்ஸ் போட்டுவிட்டார், பாட்டை விட்டுவிட்டுக் கேமராவைக் காட்டு" என்று ஸ்டீரியோவுக்குச் சொல்லும் ஒயர். இதை டிரிகர் என்பார்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பவருக்கும் டிரிகருக்கும் மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? இரண்டுக்கும் விடை ஒன்றே, ரிவர்ஸ் லைட். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் அந்த பல்புக்கு 12 வோல்ட் வருகிறது. கியரை மாற்றினால் நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. சாதாரண ரிவர்ஸ் பல்பு பெரும்பாலும் 16 அல்லது 21 வாட் எடுக்கும். சிறிய கேமரா எடுப்பது ஒன்றிரண்டு வாட் மட்டுமே. எனவே அந்த ஒயருக்குப் பெரிய சுமை ஏதும் கூடாது.

வாங்கும் முன் கவனியுங்கள்

ஸ்டீரியோவின் பின்புறம் அல்லது அதன் கையேட்டில் "கேமரா இன்" என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அது எந்த வகைப் படத்தை ஏற்கும் என்று பாருங்கள். சாதாரண வீடியோவை சி.வி.பி.எஸ். என்பார்கள். அதிலேயே பால், என்.டி.எஸ்.சி. என்று இரண்டு முறைகள் உண்டு. துல்லியம் கூடிய புதிய வகை ஏ.எச்.டி. கேமராவும் ஸ்டீரியோவும் ஒரே மொழி பேச வேண்டும். ஏ.எச்.டி. கேமராவைச் சாதாரண வீடியோ மட்டும் ஏற்கும் ஸ்டீரியோவில் இணைத்தால் சரியான படம் கிடைக்காது. இரண்டு மொழியும் பேசும் கேமராக்களும் கிடைக்கின்றன.

கார் இன்னும் வாரண்டியில் இருந்தால், ஒயரைத் தொடும் முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

தேவையான பொருட்கள்: மல்டிமீட்டர், 10 எம்.எம். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பிளாஸ்டிக் நெம்புகோல், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, 1 ஆம்பியர் ப்யூசும் அதன் ஹோல்டரும், சுமார் 6 மீட்டர் ஆர்.சி.ஏ. கேபிள். கேபிளின் இரு முனையிலும் தனியாக ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுதான் நம் டிரிகர் ஒயர். அது இருந்தால் இன்னொரு ஒயர் இழுக்கும் வேலை மிச்சம்.

முதல் வேலை: ரிவர்ஸ் லைட் ஒயரைக் கண்டுபிடித்தல்

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். காருக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். மல்டிமீட்டரை வைத்திருப்பவரும் பக்கவாட்டில் நின்றே அளக்க வேண்டும்.

டிக்கியைத் திறந்து, பின்விளக்கின் உள்பக்க மூடியைக் கழற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டு வாருங்கள். உதவிக்கு ஒருவரை உட்கார வைத்து ரிவர்ஸ் கியர் போடச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் அவர் பிரேக்கை அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத உலோக போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் ரிவர்ஸ் பல்பின் ஒயர்களைத் தொடுங்கள். ரிவர்ஸில் 12 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலில் பூஜ்யமும் காட்டும் ஒயரே நமக்கு வேண்டியது. ஒயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். காருக்குக் கார் நிறம் மாறும். மீட்டர் சொல்வதே சரி.

சில புதிய கார்களில் ரிவர்ஸ் லைட்டைக் காரின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது. மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. அங்கே நேரடியாக இணைத்தால் படம் நடுங்கலாம், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியலாம். அத்தகைய காரில் ரிலே அல்லது பில்டர் போட வேண்டியிருக்கும். அதைக் கார் எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

இரண்டாம் வேலை: பின்பக்க இணைப்பு

அளந்து முடித்ததும் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். அதன் பிறகே ஒயரில் கை வைக்க வேண்டும்.

கேமராவை நம்பர் பிளேட்டுக்கு மேலே, கூடியவரை நடுவில் பொருத்துங்கள். நம்பரின் எந்த எழுத்தையும் அது மறைக்கக் கூடாது. பிறகு இப்படி இணையுங்கள்.

* கேமராவின் சிவப்பு ஒயரை ப்யூஸ் வழியாக ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்ட் ஒயரில் சேருங்கள்.
* கேமராவின் கறுப்பு ஒயரைப் பாடியின் உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள்.
* ஆர்.சி.ஏ. கேபிளின் பின்முனையில் உள்ள மெல்லிய சிவப்பு ஒயரையும் ப்யூசுக்கு அடுத்த பக்கத்தில், கேமராவின் சிவப்போடு சேருங்கள். இதனால் டிரிகருக்கும் அதே ப்யூஸ் காவலாக இருக்கும்.
* கேமராவின் மஞ்சள் பிளக்கைக் கேபிளின் மஞ்சள் பிளக்கில் செருகுங்கள்.

மூன்றாம் வேலை: ஸ்டீரியோ பக்கம்

ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள பட்டையை நெம்பி எடுத்து, ஸ்டீரியோவை வெளியே இழுங்கள். கேபிளின் முன்முனை மஞ்சள் பிளக்கைக் "கேமரா இன்" இணைப்பில் செருகுங்கள். மெல்லிய சிவப்பு ஒயரை ஸ்டீரியோவின் ரிவர்ஸ் ஒயரில் சேருங்கள். பல கம்பெனி செட்டுகளில் இது வெள்ளைக் கோடு போட்ட ஊதா ஒயர். ஆண்ட்ராய்டு செட்டுகளில் "பேக்", "ரிவர்ஸ்" என்று சிறிய லேபிள் ஒட்டியிருக்கும். இங்கும் நிறத்தை விடக் கையேட்டில் உள்ள படத்தையே நம்புங்கள்.

வெளிர் பச்சை நிறத்தில் இன்னொரு ஒயர் இருக்கலாம். அது பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்குக்கு உரியது. கார் ஓடும்போது திரையில் சினிமா ஓடாமல் தடுப்பதற்காக வைத்தது. கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேபிளை மறைக்கும் முன் சோதனை

இப்போதைக்குக் கேபிள் சீட்டுகளின் மேலேயே கிடக்கட்டும். திறந்த ஒயர் முனைகளுக்கெல்லாம் டேப் சுற்றி, பேட்டரியை மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து, ஸ்டீரியோ முழுவதும் பூட் ஆனதும் ரிவர்ஸ் போடுங்கள். படம் வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

* திரை மாறவே இல்லை: டிரிகர் வரவில்லை. ரிவர்ஸ் ஒயரில் 12 வோல்ட் இருக்கிறதா என்று முன்பக்கம் அளந்து பாருங்கள். வோல்ட் இருந்தால் செட்டிங்கில் கேமரா ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.
* திரை மாறுகிறது, ஆனால் கறுப்பாக இருக்கிறது அல்லது "நோ சிக்னல்" வருகிறது: டிரிகர் சரி. கேமராவுக்குப் பவர் இல்லை, அல்லது மஞ்சள் பிளக் தளர்ந்திருக்கிறது. ப்யூசையும் எர்த்தையும் பாருங்கள்.
* படம் உருளுகிறது அல்லது நிறமில்லை: வீடியோ முறை பொருந்தவில்லை. செட்டிங்கில் பால், என்.டி.எஸ்.சி., ஏ.எச்.டி. ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள்.
* படத்தில் கோடு ஓடுகிறது: பெரும்பாலும் எர்த் சரியாகப் பிடிக்கவில்லை.

மூன்று ஒயருக்கும் மூன்று வேலை என்று பிரித்துப் பார்த்தால், கோளாறு எந்த ஒயரில் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

படம் சரி என்றால் மீண்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கேபிளைக் கதவுப்படிப் பட்டைகளுக்கு அடியில் தள்ளி முன்னே கொண்டு வாருங்கள். டிக்கிக் கதவில் பொருத்திய கேமரா என்றால், கதவையும் பாடியையும் இணைக்கும் ரப்பர் குழாய்க்குள் கேபிளைச் செலுத்துங்கள். வெளியே விட்டால் கதவு நசுக்கிவிடும். மஞ்சள் நிறக் கனெக்டர் எதையாவது கண்டால் தொடாதீர்கள். அது ஏர்பேகுக்கு உரியது. ஏர்பேக் இருக்கும் தூண்களின் உள்ளேயும் கேபிளைக் கொண்டுபோகக் கூடாது.

வலது, இடது சரிதானா?

ரிவர்ஸ் கேமராப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்க வேண்டும். காரின் வலப்பக்கம் ஒரு வாளி வையுங்கள். திரையிலும் வாளி வலப்பக்கம் தெரிந்தால் சரி. இடப்பக்கம் தெரிந்தால் ஸ்டீரியோவில் "மிரர்" செட்டிங்கை மாற்றுங்கள். சில கேமராக்களில் இதற்கென்றே ஒரு சிறிய வளைய ஒயர் இருக்கும். அதை வெட்டினால் படம் திரும்பும். எந்த நிற வளையம் எதற்கு என்று பெட்டியில் உள்ள சீட்டைப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

வாளிச் சோதனை

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உங்கள் காரை அளந்து போட்டவை அல்ல. நாம்தான் அளக்க வேண்டும். பம்பரிலிருந்து டேப்பால் அளந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டரில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். திரையில் அவை எங்கே விழுகின்றன என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவி ஆனில், ரிவர்ஸ் கியரில், ஹேண்ட் பிரேக் போட்டபடி நீங்கள் டிரைவர் சீட்டில் உட்காருங்கள். சக்கரத்துக் கற்கள் அப்படியே இருக்கட்டும். பெரியவர் ஒருவர் நீண்ட கம்பால் ஒரு வாளியைப் பக்கவாட்டிலிருந்து பம்பருக்குப் பின்னே தள்ளட்டும். வாளி எங்கே கண்ணாடிகளில் மறைகிறது, எங்கே திரையிலும் மறைகிறது என்று குறியுங்கள். தங்கையின் காரில் கண்ணாடிகளில் தெரியாத வாளி திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பம்பரின் இரு ஓரங்களில் கேமராவும் பார்க்காத இடம் இருந்தது. உங்கள் காரிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை.

கடைசியாக ஒன்று. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ஒரு கம்ப்யூட்டர்தான். முழுவதும் அணைந்து கிடந்து எழும்போது பூட் ஆகச் சற்று நேரம் பிடிக்கும். காலையில் அவசரமாகக் காரை எடுக்கும்போது, டாட்டா சொல்லக் குழந்தைகள் வாசலுக்கு ஓடி வருவதும் அதே நேரத்தில்தான். ஏறும் முன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். திரையில் படம் வரும்வரை காத்திருங்கள். படத்தோடு மூன்று கண்ணாடிகளையும் பார்த்து, மெதுவாகப் பின்னால் எடுங்கள். மழைத்துளியும் தூசியும் லென்ஸை மறைக்கும் என்பதால் காரைத் துடைக்கும் துணியால் கேமராவையும் வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.