நோட்டின் நடுக்கோடு

மயிலாப்பூர்

அன்புள்ள கண்ணம்மா,

நீ விட்டுப்போன நோட்டை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் போலிஷ் சொல் என்று எழுதியிருக்கிறாய். போலந்துக்குப் படிக்கப் போவதற்கு முன்பே இவ்வளவு உழைக்கிறாயே என்று மனசு நிறைந்தது. ஆனால் அந்த நடுக்கோடு என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் என்னிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்தது. அதில் 'டிஸ்சார்ஜ்' என்பதற்கு எதிரே 'விடுவித்தல்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தது. தையல் போட்ட இடத்தில் டிஸ்சார்ஜ் இருந்தால் உடனே மருத்துவரிடம் வாருங்கள் என்று அதில் ஒரு வரி. நோட்டை நம்பி, மருத்துவமனையிலிருந்து விடுவித்தவுடன் மருத்துவரிடம் வாருங்கள் என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்த்த பெரியவர் பிடித்துவிட்டார். "புண்ணில் சீழோ நீரோ கசிந்தால் என்று எழுதப்பா. ஒருத்தர் உயிர் சம்பந்தப்பட்டது" என்றார். சத்தம் போடவில்லை. எனக்குக் கை நடுங்கியது. என் நோட்டில் இருந்த சொல் தப்பில்லை. அதை நான் வாக்கியத்திலிருந்து பிடுங்கி வைத்திருந்ததுதான் தப்பு.

உன் நோட்டுக்கு வருகிறேன். 'அங்கிள்' என்பதற்கு எதிரே 'வுயெக்' என்று போட்டிருக்கிறாய். போலிஷில் அம்மாவின் சகோதரர் 'வுய்', அப்பாவின் சகோதரர் 'ஸ்த்ரிய்'. வுயெக் என்பது வுய்யின் செல்ல வடிவம். இப்போது பேச்சில் இருவரையுமே வுயெக் என்று அழைப்பது பெருகியிருக்கிறது. ஆனாலும் நான் உனக்கு வுய், உன் சித்தப்பா ஸ்த்ரிய் என்கிற வேறுபாடு அந்த மொழிக்குத் தெரியும். நடுவில் நின்ற ஆங்கிலம் எங்கள் இருவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் இந்த உறவு வழியில் தொலைந்திருக்காது.

இலக்கணமும் அப்படித்தான். ஏழு வேற்றுமை என்று நீ பயந்தாய். நமக்கு எட்டு உண்டு, பள்ளிக்கூடத்திலேயே படித்தாய். பால்பாயின்ட் பேனாவுக்கு 'த்வுகோபிஸ்', பேனாவால் என்றால் 'த்வுகோபிசெம்'. நம் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' உருபு செய்கிற வேலையை அங்கே சொல்லின் கடைசி செய்கிறது. விளி வேற்றுமைகூட இருக்கிறது. அங்கே 'மாமா' என்றால் அம்மா, கூப்பிடும்போது 'மாமோ'. நேரம் இருக்கிறது என்றால் 'மாம் சாஸ்', இல்லை என்றால் 'நியெ மாம் சாசு'. 'இல்லை' வந்ததும் நேரம் என்ற சொல்லே உருமாறுகிறது, பார். 'டைம் – சாஸ்' என்று எழுதிய உன் நோட்டில் இது எங்கே இருக்கிறது?

தமிழும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கச்சேரி ரோட்டில் நடந்து குளத்துக்குப் போனாலும், பஸ் பிடித்து தி. நகர் போனாலும் நமக்குப் 'போகிறேன்' ஒன்றே. போலிஷில் நடந்து போவதற்கு 'இஷ்ச்', வண்டியில் போவதற்கு 'யெஹாச்' என்று வினையே வேறு. தெரிந்த முகமாகத் தோன்றும் சொல்லிடம் இன்னும் கவனமாக இரு. 'அக்துவால்னியெ' என்பதை ஆங்கிலத்தின் 'ஆக்சுவலி' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு 'தற்போது' என்று பொருள்.

குறளைப் போலிஷுக்குக் கொண்டுபோன ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாறு பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் தியாசபிகல் சொசைட்டியின் மரங்களைக் காட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாய். அந்தச் சங்கத்தைப் போலந்தில் வளர்த்தவர்களில் ஒருவர் வாண்டா தினோவ்ஸ்கா. 1935இல் இந்தியா வந்தார். காந்தி அவருக்கு உமாதேவி என்று பெயர் வைத்தார். வார்சாவில் பிறந்த பொறியாளர் மாரிஸ் ஃபிரிட்மனோடு சேர்ந்து 1944இல் நம் சென்னையில் போலந்து இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கினார். அதே ஆண்டுதான் எழுச்சியில் இறங்கிய வார்சாவை ஜெர்மன் படை இடித்துத் தரைமட்டமாக்கியது. சொந்த நாட்டின் தலைநகரம் எரிந்துகொண்டிருந்த காலத்தில் இந்த அம்மாள் இங்கே உட்கார்ந்து போலிஷ் புத்தகங்கள் அச்சிட்டார். பகவத் கீதையைப் போலிஷில் கொடுத்தார். 1958இல் அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு இங்கிருந்தே வெளிவந்தது.

குறளை எடுத்தவர் 'அறம்' என்ற சொல்லின் முன் எத்தனை நாள் நின்றிருப்பார் என்று யோசித்துப் பார். ஆங்கிலத்தின் 'வர்ச்சு'வுக்கு நேராகப் போலிஷில் 'த்ஸ்னோதா' உண்டு. ஆனால் அதற்குக் கன்னிமை என்றும் ஒரு பொருள் உண்டு. நோட்டைப் பார்த்து எடுத்து வைக்கிற சொல்லா அது? அதைக் கேட்கிற போலந்துக்காரர் காதில் என்ன விழும் என்று தெரிந்தவர்தான் அங்கே முடிவெடுக்க முடியும்.

உனக்கு நான் சொல்வது இதுதான். நோட்டைத் தூக்கிப் போடாதே. கோட்டை மட்டும் விட்டுவிடு. ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது எழுது. யார் யாரிடம் சொல்வது என்றும் குறித்துக்கொள், ஏனென்றால் நம் நீயும் நீங்களும் போல அங்கே 'தி'யும் 'பானி'யும் உண்டு. பேராசிரியை அம்மாவிடம் 'தி' போட்டுப் பேசினால் மரியாதைக் குறைவு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது, பொருளுக்குக் கீழே அன்றாட வாக்கியம் கொடுத்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு இது பிடிபட்டது. அதை வெளியிட்ட ராமகிருஷ்ணன் 2020இல் மூன்றாம் பதிப்பையும் கொண்டுவந்தார். அந்த நவம்பரிலேயே கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. கடைசிவரை சொற்களை வாக்கியத்தோடு சேகரித்த மனிதர். அந்தப் பதிப்பை உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். போலந்துக்கு எடுத்துப் போ.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது, வீட்டிலிருந்து லஸ் வரை நடந்ததைப் போலிஷில் ஐந்து வாக்கியமாக எழுதிக்கொண்டு வா. நடந்து வந்ததற்கு எந்த வினை போட்டிருக்கிறாய் என்று முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் மாமா