ரேகைப் பதிவேடும் வருகைப் பதிவேடும்

வகுப்பு: 9, 10 | பாடம்: சமூக அறிவியல் | நேரம்: இரண்டு பாடவேளைகள்

சில ஆண்டுகளுக்கு முன், "ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம் டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனைத் திரும்பிப் பார்த்தது. முன்பு ஒருமுறை பேனா எடுத்து மாட்டியவன் அவன். நானும் யோசிக்காமல் அவன் பையைத்தான் வாங்கிப் பார்த்தேன். பெட்டி மறுநாள் அந்த மாணவியின் வீட்டிலேயே கிடைத்தது. பையன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "எது காணாமப் போனாலும் எம் பையைத்தான டீச்சர் பாக்குறீங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தப் பாடத்தைத் தயாரித்தேன்.

பின்னணி

'குற்றத்தைத் தடுக்கிறோம்' என்று சொல்லி ஆங்கிலேய அரசு 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பகுதிப் பிறமலைக் கள்ளர் சமூகமும் அதன் பிடியில் சிக்கியது. தவறு செய்தவர், செய்யாதவர் என்ற பேதமின்றி ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். மக்கள் வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை இன்றும் நம் ஊர்களில் 'ரோசாப்பூ துரை' என்பார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது.

அதே காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. கண்காணிப்பின் துணையாகவே அரசு அதைத் தொடங்கியது. ஆனாலும் தலைமுறைகளைத் தூக்கிவிட்டது ரேகைப் பதிவேடு அல்ல, அந்தப் பள்ளிகளின் வருகைப் பதிவேடே.

செயல்பாடு 1: சீட்டு

மார்ச் மாதம் பிறந்தவர்கள் மட்டும் இடைவேளையில் வெளியே போக ஆசிரியரிடம் சீட்டு வாங்க வேண்டும். ஒரு இடைவேளை போதும். இது செயல்பாடுதான் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: "என்ன தவறு செய்தீர்கள்? எப்படி இருந்தது?" என் வகுப்பில், "பொறந்தது ஒரு குத்தமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. பாடம் அங்கேயே பாதி முடிந்தது.

கவனிக்க: மாணவர் எவரையும் எந்தச் சமூகம் என்று கேட்கவோ, சுட்டவோ கூடாது.

செயல்பாடு 2: அன்றும் இன்றும்

ரேகைச் சட்டம் 'யார் பிள்ளை?' என்று கேட்டது. இன்றைய சட்டம் 'என்ன செய்தார்? சான்று என்ன?' என்று கேட்க வேண்டும். இந்த மாற்றத்தைக் காட்டும் மூன்று நிகழ்வுகளைக் குழுக்களுக்குக் கொடுங்கள்.

1. 2006: பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளைகள் இட்டது. புலன்விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிப்பதும், காவலர் மீதான புகார்களை விசாரிக்க ஆணையம் அமைப்பதும் அவற்றில் அடங்கும். தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது.
2. 2015: இளைஞர் நீதிச் சட்டம். குழந்தையைக் குற்றவாளி என முத்திரை குத்தும் சொற்களையே அது தவிர்க்கச் சொல்கிறது. 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்கிறது.
3. 2024: சிறைக் கையேடுகளில் இருந்த சாதி அடிப்படையிலான விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

மதிப்பீடு

1. ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கினால் உண்மையான குற்றவாளிக்கு என்ன நன்மை?
2. நம் ஊரில் குற்றம் குறைய காவல் நிலையம் செய்ய வேண்டியவை எவை? பள்ளி செய்ய வேண்டியவை எவை?
3. வகுப்பில் பொருள் காணாமல் போனால் என்ன செய்யலாம்? நீங்களே விதிகள் எழுதுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு என் மாணவர்கள் எழுதிய முதல் விதி: "முதலில் தொலைத்தவர் நன்றாகத் தேட வேண்டும்." இரண்டாவது: "யார் பெயரையும் சொல்லக் கூடாது." அந்தத் தாள் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. நீண்ட நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நாம் ஒரு நடை போய்வருவதும் குற்றத் தடுப்புதான். அதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.