கடைக்காரர் அறிய வேண்டிய மாற்றுத்திறனாளி சேவைச் சொற்கள்

கடைத்தெருவில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு. சிப்பம் கேட்டவருக்கு மூட்டை அனுப்ப முடியாது. ரொக்க விலையைச் சொல்லிவிட்டுக் கடன் விலைக்குப் பில் போட முடியாது. சொல் தவறினால் கணக்கு தவறும். கணக்கு தவறினால் வாடிக்கை போகும். இதை நாம் நன்கு அறிவோம்.

ஆனால், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான சேவைகளில் வழங்கும் சொற்களை நாம் சரியாக அறிந்திருக்கவில்லை. அறியாததால் நமக்கே நட்டம் வந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருவோம்.

நமது மளிகை மொத்தக் கடைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பார்வையற்ற அம்மையார் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். எப்போதும் ரொக்கம்தான். ஒரு தீபாவளி சமயம், ஒரு வாரக் கடன் கேட்டார். நாம், "கார்டியன் கையெழுத்து வேணும்மா. அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றோம். அவர், "கடை என் பேர்ல இருக்குதுங்க. பேங்குக் கணக்கும் என் பேர்லதான் இருக்கு. அண்ணன் கையெழுத்து எதுக்குங்க?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அன்றைய சரக்குக்கு ரொக்கம் கொடுத்துவிட்டுப் போனவர், அடுத்த வாரம் முதல் எதிர் வரிசைக் கடைக்கு வாடிக்கையாகிவிட்டார்.

பிறகு விவரம் அறிந்தவர்களிடம் கேட்டபோதுதான், "கார்டியன்" என்ற ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் நல்ல வாடிக்கையாளரை இழந்தோம் என்பது புரிந்தது. அப்படிக் கேட்டும் படித்தும் அறிந்த சொற்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. மாற்றுத்திறனாளி

முன்பு "ஊனமுற்றோர்" என்றே அரசு ஆவணங்களில் இருந்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல்லை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று துறையின் பெயரும் அதுவே.

மத்தியச் சட்டமும் வளர்ந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. பார்வையின்மை, காது கேளாமை, கை கால் இயக்கக் குறைபாடு போன்றவை நமக்குத் தெரிந்தவை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய், தலசீமியா, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் ஆகியவையும் பட்டியலில் உண்டு. எனவே, பார்த்தவுடன் தெரியாத குறைபாடுகளும் பல இருக்கின்றன. வரிசையில் நிற்க முடியாமல் உட்கார இடம் கேட்பவரைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடைத்தெருவில் ஆட்களுக்கு அடையாளப் பெயர் வைப்பது நம் பழக்கம். "நொண்டி", "செவிடன்", "குருடன்" என்று கூப்பிடுவதை வேடிக்கை என்று நினைத்துவிடுகிறோம். பொது இடத்தில் பிறர் காண ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால், மேற்படி சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தண்டனைக்குப் பயந்து மட்டும் அல்ல, பெற்றோர் வைத்த பெயர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது என்பதற்காகவும் இப்பழக்கத்தை விட வேண்டும்.

2. நாற்பது சதவீதமும் அடையாள அட்டையும்

மருத்துவச் சான்றில் குறைபாட்டின் அளவு சதவீதமாகக் குறிக்கப்படும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அரசு வேலை இட ஒதுக்கீடு போன்ற பயன்களுக்குத் தகுதி கிடைக்கும். சட்டத்தில் இதை "பெஞ்ச்மார்க்" குறைபாடு என்கிறார்கள். நாடு முழுவதும் செல்லத்தக்க தனித்துவ அடையாள அட்டையை "யு.டி.ஐ.டி. கார்டு" என்று சொல்கிறார்கள்.

இந்தச் சதவீதம் அரசுப் பயன்களுக்கான அளவுகோல். "80 சதவீதம்" என்றால் வேலைத் திறனில் 20 சதவீதம்தான் மிச்சம் என்று கணக்குப் போடக் கூடாது. சாமான் வாங்க வருபவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லவும் வேண்டியதில்லை. மரியாதைக்கு அட்டை எதற்கு?

3. பராமரிப்பாளர் வேறு, பாதுகாவலர் வேறு

நாம் தவறியது இந்த இடத்தில்தான்.

பராமரிப்பாளர் என்பவர் அன்றாட வேலைகளுக்கு உதவுபவர். தாயாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், சம்பளத்துக்கு வருபவராகவும் இருக்கலாம். கூட வந்து பையைத் தூக்குகிறார் என்பதால் அவர் கணக்குக்குப் பொறுப்பாளி ஆகிவிட மாட்டார்.

பாதுகாவலர், அதாவது "கார்டியன்", சட்டப்படி நியமிக்கப்பட்டவர். பதினெட்டு வயது நிறைந்த ஒருவருக்கு அண்ணன் என்ற உறவினாலேயே யாரும் பாதுகாவலர் ஆக முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் "வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்" என்ற ஏற்பாடு உண்டு. போதிய துணை கொடுத்தும் சட்டப்படி செல்லத்தக்க முடிவை எடுக்க முடியாதவருக்கு, குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும், அவரோடு கலந்து முடிவெடுக்க நியமிக்கப்படுபவர் இவர்.

மற்றவர்கள் நிலை என்ன? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நமக்குப் பழக்கமானது. வயது நிரம்பியவராகவும், தெளிந்த மனநிலை உடையவராகவும், வேறு சட்டத்தால் தடை செய்யப்படாதவராகவும் இருந்தால் ஒப்பந்தம் செய்யலாம். கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. சொத்து வைத்திருக்கவும், தம் பண விவகாரத்தைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆகவே, கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை மற்றவர்களுக்குப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். பழைய வரவு எப்படி, நாணயம் எப்படி, கடை எப்படி நடக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். பில்லைப் படித்துக் காட்டி, தொகையை வாயால் சொல்லி, அவர் கையெழுத்தை அவரிடமே வாங்க வேண்டும். பேச்சும் அவரோடுதான். "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கூட வந்தவரைக் கேட்பது தவறு.

4. தடையற்ற வசதி

ஆங்கிலத்தில் "ஆக்சஸிபிலிட்டி" என்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும், ஊன்றுகோலோடு வருபவரும், வெண்கோல் பிடித்து வருபவரும் தாமாகவே வந்து போகும்படி இடம் அமைவது என்று பொருள்.

பல கடைகளில் வாசற்படிதான் முதல் தடை. சாய்தளம், அதாவது "ராம்ப்", போடுவதற்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி நீளச் சாய்தளம். குறுக்கிப் போட்டால் சக்கர நாற்காலி பின்னால் சரியும். வழியின் அகலம் மூன்று அடிக்குக் குறையக் கூடாது. போட்ட பிறகு அதன்மேல் எண்ணெய் டின்னையும் வெங்காய மூட்டையையும் அடுக்கினால் போட்டும் பயன் இல்லை. சாய்தளம் தெருவை ஆக்கிரமிக்கவும் கூடாது. இடம் இல்லாத கடைகள் தேவைப்படும்போது எடுத்துப் போடும் பலகையை வைத்துக்கொள்ளலாம்.

தனியார் சேவைகளும் தடையற்ற வசதிக்கான விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பது சட்டம். பரிந்துரையாக மட்டும் நிற்காமல் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் 8.11.2024 அன்று உத்தரவிட்டது. கடையைப் புதுப்பிக்கும் உறுப்பினர்கள் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொண்டால், பின்னால் இடித்துக் கட்டும் செலவு மிச்சம்.

5. நியாயமான ஏற்பாடு

இது வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய சொல். "ரீசனபிள் அகாமடேஷன்" என்பார்கள். நிறுவனத்தால் தாங்க முடியாத சுமை ஏற்படாத வகையில், ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பணியாற்றத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது இது. செய்து தர மறுப்பதும் பாகுபாடு என்றே சட்டம் கருதுகிறது.

நமது கடைகளில் இது பெரிய செலவு அல்ல. நீண்ட நேரம் நிற்க முடியாத பில் போடுபவருக்கு ஒரு உயரமான ஸ்டூல். காது கேளாத பொட்டலம் கட்டுபவருக்குக் கூவிச் சொல்லாமல் சீட்டில் எழுதித் தரும் பழக்கம். இருபது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்பதையும் பெரிய மொத்த வியாபாரிகள் கவனிக்கவும்.

6. தொட்டுணரும் குறி

நம் கல்லாப்பெட்டியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. புதிய வரிசை ரூபாய் நோட்டுகளில் இரு ஓரங்களிலும் மேடாக அச்சிட்ட சாய்கோடுகள் உண்டு. 100 ரூபாயில் நான்கு கோடுகள். 200 ரூபாயில் நான்கு கோடுகளும் இடையே இரண்டு வட்டங்களும். 500 ரூபாயில் ஐந்து கோடுகள். தவிர 100-இல் முக்கோணமும் 500-இல் வட்டமும் மேடாக இருக்கும். அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நீளம் மட்டும் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர்.

நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலால் அளந்து ஒருவர் பணம் எண்ணும்போது, "சீக்கிரம்" என்று அவசரப்படுத்தலாமா? நைந்த நோட்டிலும் டேப் ஒட்டிய நோட்டிலும் இந்த மேடு தெரியாது. எனவே பார்வையற்றவருக்கு நல்ல நோட்டாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் இன்ன நோட்டு என்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். காது கேளாதவருக்குத் தொகையைக் கால்குலேட்டரில் காட்டினால் போதும். அவரை "ஊமை" என்பதும் பிழை. காது கேளாதவர் பலருக்குக் குரல் உண்டு. சைகை மொழி அவர்களுக்கு முழுமையான மொழி.

7. குணமடைந்தவர்

"தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்" என்பது சட்டத்தில் உள்ள தொடர். இதில் முக்கியமான சொல் "குணமடைந்தவர்". கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் குணமாகிறது. குணமானவரிடமிருந்து நோய் பரவாது. விரல் மடங்கியிருப்பது பழைய நோய் விட்டுச் சென்ற தழும்பே. அவர் நீட்டும் கையில் சில்லறையை வைக்காமல் படியில் வீசுவது நம் கடைத்தெருவில் இன்னும் நடக்கிறது. அது நிற்க வேண்டும்.

அமிலம் விற்கும் கடைகளுக்கும் ஒரு சொல். 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அமிலம் விற்கக் கூடாது. மற்றவர்களுக்கும் அடையாளச் சான்று பார்த்து, முகவரியையும் வாங்கும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதிய பிறகே விற்க வேண்டும்.

8. உதவித்தொகை

கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்குத் தமிழக அரசு வழங்கும் மாதாந்திரத் தொகை பராமரிப்பு உதவித்தொகை எனப்படும். 2023 ஜனவரி முதல் இது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது கடன் அல்ல, பிச்சையும் அல்ல. அரிசிக்கும் மருந்துக்கும் வரும் பணம். பாக்கிக்கு ஈடாக ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எந்த உறுப்பினரும் அதைச் செய்யக் கூடாது. பாக்கி இருந்தால் பேசித் தவணை முறையில் வாங்கலாம்.

இச்சொற்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். முன்பு "சலுகை" என்று இருந்த இடத்தில் இப்போது "உரிமை" என்று எழுதியிருக்கிறார்கள். சலுகை என்றால் கொடுப்பவர் மனம் போல. உரிமை என்றால் கேட்பவர் தலைநிமிர்ந்து கேட்கலாம். வாங்கிய பொருளுக்குச் சரியான எடை கேட்பது எப்படி உரிமையோ, அப்படித்தான் இதுவும்.

இந்த மாதம் உறுப்பினர்கள் மூன்று காரியம் செய்யலாம். வாசற்படியின் உயரத்தை அளந்து பாருங்கள். கடைப் பையன்களுக்கு இப்பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். கடன் கணக்குப் பேரேட்டில் தேவையில்லாமல் யாரிடமாவது வேறொருவர் கையெழுத்தைக் கேட்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கடை அம்மையாரைப் பின்னர் சந்தையில் பார்த்து, நாம் கேட்டது தவறு என்று சொன்னோம். "பரவாயில்லைங்க" என்றார். வாடிக்கை மட்டும் திரும்பி வரவில்லை. எங்கே வாங்குவது என்பது அவர் முடிவு. அடுத்து வருபவரை இழக்காமல் பார்த்துக்கொள்வோம்.